பூக்கள் காட்டிக்கொடுத்த வரிசை: ஒரு ஜோடி ஜப்பானியத் திரைகளைப் பழுதுபார்த்த அனுபவம்

கியோட்டோவில் ஒரு துணி வணிகக் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு ஜோடி மடிப்புத் திரைகள் பழுதுபார்க்க வந்த நாளிலிருந்து, வீடு திரும்பி ஒரு வருடம் ஆனது வரையிலான பதிவு இது. அந்தப் பட்டறையில் நான் அப்போது மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில் இருந்தேன். குடும்பம், பட்டறை, வேலை செய்தவர்கள் யார் பெயரும் இதில் வராது. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

## பின்னணி

இந்த வகைத் திரைக்கு பியோபு என்று பெயர். காற்றைத் தடுப்பது என்பது சொல்லின் பொருள். ஜன்னலில் தொங்குவதல்ல, தரையில் தானாக நிற்பது. கட்டம் கட்டமாகச் செய்த மரச் சட்டத்தின் மேல் தாளை அடுக்கடுக்காக ஒட்டி, அதற்கும் மேலே ஓவியத்தை ஒட்டினால் ஒரு மடிப்பு. வழக்கமாக ஆறு மடிப்பு சேர்ந்தது ஒரு திரை. பெரும்பாலும் இரண்டு திரைகள் ஜோடியாகவே இருக்கும். விசிறி மடிப்பு போல வளைத்து வைத்தால்தான் நிற்கும். நேராக நீட்டினால் சாய்ந்துவிடும்.

மடிப்புகளை இணைக்கும் கீல் இரும்பு அல்ல, தாள். முற்காலத்தில் ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனியாகப் பட்டுக் கரை கட்டி, கயிற்றால் பிணைத்தார்கள். ஆறு மடிப்பில் ஆறு துண்டுப் படங்கள்தான் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் தாள்கீல் வந்த பிறகு நடுவிலிருந்த கரைகள் போயின. ஆறு மடிப்பும் ஒரே வெளியாயிற்று. ஒரு நாணல் இரண்டாம் மடிப்பில் முளைத்து மூன்றாம் மடிப்பில் தலைசாய முடிந்தது. இந்தத் தொடர்ச்சியில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

நான்கு பருவப் பூக்களை வரைந்த ஜோடியை வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். வலத்திரை வசந்தத்தில் தொடங்கிக் கோடையில் முடியும். இடத்திரை இலையுதிர்காலத்தில் தொடங்கிக் குளிர்காலத்தில் முடியும். முல்லை என்றதும் நமக்குக் கார்காலம் நினைவுக்கு வருவதுபோல, கிக்யோவின் ஊதா மணிப்பூவைக் கண்டதும் ஜப்பானியருக்கு இலையுதிர்காலம் வந்துவிடும். 8ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கவிஞர் அந்தப் பருவத்துக்கு ஏழு செடிகளைப் பட்டியலிட்டு வைத்தார். ஹகி, சுசுகி நாணல், குசு, நதெஷிகோ, ஒமினாயெஷி, புஜிபகாமா, கிக்யோ என்று இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள்.

எங்களிடம் வந்த ஜோடி தங்க ரேக்கு ஒட்டிய பின்னணி கொண்டது. உயரம் சுமார் 170 சென்டிமீட்டர். ஒரு மடிப்பின் அகலம் 60 சென்டிமீட்டர். ஆக ஒரு திரை 360, இரண்டையும் சேர்த்து நீட்டினால் ஏழு மீட்டருக்கு மேல். தரை இல்லை, வானம் இல்லை, தண்ணீர் இல்லை. தங்கத்தில் செடிகள் மட்டும் நிற்கின்றன. வெளி மூலைகளில் இநென் என்ற வட்டச் சிவப்பு முத்திரை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோவில் பட்டறை நடத்திய தவராயா சோதாத்சுவோடும் அவர் வழிவந்தவர்களோடும் சேர்த்துப் பேசப்படும் முத்திரை அது. பலர் கையில் புழங்கியது. அது இருப்பதை வைத்து இன்னார் வரைந்தது என்று சொல்லிவிட முடியாது. கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்திலும் இந்த முத்திரையோடு பூச்செடி ஓவியங்கள் உண்டு. குடும்பத்தில் மட்டும் தலைமுறை தலைமுறையாக, 'எங்கள் சோதாத்சு' என்றே பேச்சு.

அரசு பட்டியலிட்ட முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக இருந்தால் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி முன்கூட்டித் தெரிவிக்காமல் பழுதுபார்க்கவே முடியாது. இது அப்படிப்பட்டதல்ல. முடிவும் செலவும் குடும்பத்துடையது.

## ஜூலை இரவில் நடந்தது

கியோன் திருவிழாவின் தேர்கள் ஜூலை 17இல் ஊர்வலம் வரும். அதற்கு முந்தைய மாலைகளில் முரோமாச்சி, ஷின்மாச்சி தெருக்களின் பழைய வணிக வீடுகள் முன்பக்கத்து மரக் கிராதிகளைக் கழற்றிவிட்டு, வீட்டிலுள்ள திரைகளை வெளியில் போவோர் பார்க்கும்படி நிறுத்துவார்கள். பியோபு மட்சுரி, அதாவது திரைத் திருவிழா என்று இதற்குப் பெயர். இந்தக் குடும்பமும் ஆண்டு தவறாமல் செய்துவந்தது.

திரைக்கு இதைவிட மோசமான வேளை கிடையாது. மழைக்காலம் முடியும் தறுவாய். மாலையிலும் காற்றில் ஈரப்பதம் அதிகம். போதாக்குறைக்கு, திரை நின்ற அறைக்குப் பின்னால் குளிர்சாதனம் போட்டிருந்தார்கள். திரையின் முகம் தெருவின் புழுக்கத்தில், முதுகு குளிர்ந்த வறண்ட காற்றில். ஒரே தாள் ஒரு பக்கம் விரிய, மறு பக்கம் சுருங்கும். இரவு பத்து மணிக்குக் குளிர்சாதனத்தை நிறுத்தியதும் எல்லாம் தலைகீழாகும்.

அந்த வருடம் மூன்றாவது இரவு, மகன் தனியாளாக இடத்திரையை மடித்தார். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. மூன்றாம் மடிப்புக்கும் நான்காம் மடிப்புக்கும் நடுவிலிருந்த தாள்கீல் மேலிருந்து பாதி வரை கிழிந்தது. செவ்வந்திப் பூவிலிருந்து வெள்ளைச் செதில்கள் பாய் மேல் உதிர்ந்தன. திருவிழாவில் இன்னும் இரண்டு இரவுகள் பாக்கி. அவர் பின்புறமாக செல்லோடேப் ஒட்டி மறுநாளும் நிறுத்திவிட்டார். எண்பதைத் தாண்டிய அவருடைய தாயார் உதிர்ந்த செதில்களைப் பொறுக்கி, காணிக்கைப் பணம் வைக்கும் சிறிய உறையில் போட்டு வைத்தார்.

பட்டறைக்கு அவர்கள் முதலில் கொண்டுவந்தது திரையை அல்ல, அந்த உறையைத்தான். பிரித்துக் கொட்டினால் பதினோரு செதில்கள். மிகப் பெரியது அரிசி நொய் அளவு.

## பட்டறையில் பார்த்தது

திரைகளைப் படுக்க வைத்து, அறையை இருட்டாக்கி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விளக்கை அடித்தோம். மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும்.

எதிர்பார்த்த கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழிந்தது ஒரு கீல், மற்றவையும் நைந்திருந்தன. வெள்ளைப் பூக்களுக்குச் சிப்பித்தூளை வஜ்ஜிரம் என்ற விலங்குப் பசையில் குழைத்து, இதழ் புடைத்துத் தெரியும்படி தடிப்பாகப் பூசியிருந்தார்கள். வஜ்ஜிரம் வலுவிழந்து இதழ்களின் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. இலைப்பச்சை மாலகைட் என்ற செப்புக் கனிமத்தை அரைத்தது. செம்பு நாளாவட்டத்தில் அடியிலுள்ள தாளைப் பழுப்பாக்கி மொறுமொறுவென்று ஆக்கிவிடும். பச்சை எரிச்சல் என்று பட்டறையில் சொல்வோம். பெரிய இலைகளுக்குப் பின்னால் தாளில் விரிசல் ஓடியிருந்தது.

எதிர்பாராதது ஒன்று இருந்தது. இடத்திரையின் முதல் மடிப்பில், தரையிலிருந்து 80 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, தங்கத்துக்கடியில் ஒரு வட்டம். டம்ளர் வாய் அளவு இருக்கும். வெளிச்சத்தை நேராக வைத்தால் மறைந்துவிடும், சாய்த்தால் எழும்பும். அதன் மேல் ஒரு கிக்யோ இலை. பக்கத்து இலைகளின் பச்சையில் மணல்போல நொறுநொறுப்பு இருந்தது. இந்த இலை மட்டும் மாவுபோல வழவழப்பு.

பட்டறைத் தலைவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது கதவு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஜப்பானிய வீடுகளில் அறைகளைப் பிரிப்பவை ஃபுசுமா எனப்படும் தள்ளுகதவுகள். அவற்றிலும் ஓவியம் உண்டு. தள்ளுவதற்கு உலோகக் கிண்ணம் பதித்த குழி இருக்கும். தரையில் உட்கார்ந்தபடி கை எட்டும் உயரம் அது. கதவைத் திரையாக மாற்றினால் அந்தக் குழியை அடைத்துத் தாள் ஒட்டி, தங்கம் வைத்து, மேலே இலையோ பூவோ வரைந்து மறைப்பார்கள். இது அபூர்வம் அல்ல. கதவை விற்றால் வாங்குபவருக்கு அதே அளவில் அறை வேண்டும். திரையை எங்கும் கொண்டு போகலாம்.

எல்லா மடிப்பையும் துழாவினோம். ஒரு திரைக்கு நான்கு வட்டங்கள் கிடைத்தன. ஆனால் இரண்டாம் மடிப்பிலும் ஐந்தாம் மடிப்பிலும் எதுவும் இல்லை. ஒன்று, மூன்று, நான்கு, ஆறு ஆகியவற்றில் மட்டும். இரு திரையிலும் இதே கணக்கு.

பட்டறைத் தரையில் 360 சென்டிமீட்டர் நீளத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினோம். 60க்கு ஒரு கோடு போட்டால் ஆறு மடிப்பு. 90க்கு ஒரு கோடு போட்டால் நான்கு கதவு. நான்கு கதவுத் தொகுப்பில் ஓரத்துக் கதவுகளுக்குக் குழி வெளி ஓரத்தில் வரும். நடுக் கதவுகள் இரண்டுக்கும் அவை சந்திக்கும் ஓரத்தில் வரும். அந்த நான்கு இடத்திலும் நாணயம் வைத்தோம். ஒன்று, மூன்று, நான்கு, ஆறாம் மடிப்புகளில் போய் உட்கார்ந்தன. அது மட்டுமல்ல, முதல் கதவு முடியும் 90ஆவது சென்டிமீட்டர் இரண்டாம் மடிப்பின் நட்ட நடுவில் விழுகிறது. 270 ஐந்தாம் மடிப்பின் நடுவில். திரையில் அந்த இடங்களைப் பார்த்தோம். தங்க ரேக்கு சதுரம் சதுரமாக ஒட்டப்படுவதால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். அந்தக் கோடுகள் மடிப்பின் நடுவில் ஒரு விரல் அகலம் இறங்கித் தொடர்ந்தன. ஒட்டு அங்கேதான்.

எட்டுக் கதவுகளை வெட்டிப் பன்னிரண்டு மடிப்பாக்கியிருக்கிறார்கள். கணக்கு முடிந்தது என்று அன்றைக்கு எல்லோரும் தேநீர் குடிக்கப் போனோம். முடியவில்லை என்பதை இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தது பட்டறையில் தாள் அரியும் மூத்த பெண்மணி. அவர் வீட்டில் தோட்டம் உண்டு.

இடத்திரையின் கதவுகளை வலமிருந்து அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொள்வோம். 'அ'வில் ஹகியும் கிக்யோவும்: இலையுதிர்காலத் தொடக்கம். 'ஆ'வில் நார்சிசஸ்: குளிர்காலம். 'இ'யில் கோழிக்கொண்டையும் செவ்வந்தியும்: இலையுதிர்காலத்தின் கடைசி. 'ஈ'யில் சுசுகி நாணலும் ஒமினாயெஷியும்: அதே பருவத்தின் நடுப்பகுதி. "நார்சிசஸ் பூத்து முடிந்த பிறகு யாராவது நாணல் கதிர் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார் அவர்.

'ஆ'வையும் 'ஈ'யையும் இடம் மாற்றி யோசித்தோம். அ, ஈ, இ, ஆ. தொடக்கம், நடு, கடைசி, குளிர். பருவம் வழுக்கிக்கொண்டு ஓடியது. 'அ'வின் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்ற ஒரு நாணல் இலைக்கு நுனி 'ஈ'யின் வலது ஓரத்தில் இருந்தது.

இத்தனை காலம் யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் உண்டு. 'ஆ', 'ஈ' இரண்டுக்கும் கைப்பிடிக்குழி இடது ஓரத்தில்தான். இடம் மாறினாலும் வட்டங்களின் கணக்கு குலையாது. தரையோ மலையோ ஆறோ வரைந்திருந்தால் கோடு உடைவது உடனே தெரிந்திருக்கும். இங்கே தங்கம் எல்லாவற்றையும் சமன் செய்துவிட்டது. காட்டிக்கொடுக்க பூக்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

ஏன் மாற்றினார்கள்? 'ஆ'வின் கீழ் இடது மூலையில் உள்ளங்கை அளவுக்குத் தங்கம் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. நீர்பட்ட கறை போல. கெட்ட மூலையை நடுவில் மறைத்து, நல்ல மூலையுள்ள 'ஈ'யைக் கடைசியில் வைத்திருக்கலாம். இது ஊகம்தான். ஆனால் அந்த நல்ல மூலையிலுள்ள முத்திரையில் இன்னொரு செய்தி இருந்தது. வெட்டியதில் குறைந்த அகலத்தை ஈடுகட்ட ஓரத்தில் ஒரு புதுத்தாள் பட்டை சேர்த்திருந்தார்கள். முத்திரையின் சிவப்பு, நகத்தின் அகலத்துக்கு அந்தப் பட்டையின் மேல் ஏறியிருந்ததுபோலத் தெரிந்தது. அப்படியென்றால் கதவு திரையான பிறகு குத்திய முத்திரை.

## எடுத்த முடிவுகள்

முதல் முடிவில் தயக்கமில்லை. கீலை மட்டும் ஒட்டித் திருப்பி அனுப்பினால், அடியிலுள்ள மொறுமொறுத்த தாள் அடுத்த ஜூலையில் வேறிடத்தில் கிழியும். முழுவதும் பிரித்து, பின்தாளை மாற்றி, புதுச் சட்டத்தில் ஏற்றுவதுதான் வழி.

இரண்டாவது முடிவுக்கு மூன்று மாதம் ஆயிற்று. பிரித்த பிறகு எந்த வரிசையில் திரும்பச் சேர்ப்பது?

மகனுக்குச் சந்தேகமே இல்லை. தப்பு என்று தெரிந்த பிறகும் அப்படியே விடுவது எப்படி என்றார். தொழில்நுட்ப ரீதியில் அவர் பக்கம் நியாயமும் இருந்தது. இரண்டாம் மடிப்பின் இடப்பாதியையும் மூன்றாம் மடிப்பையும், ஐந்தாம் மடிப்பின் இடப்பாதியோடும் ஆறாம் மடிப்போடும் மாற்றினால் போதும். புதிதாக ஒரு வெட்டுகூட வேண்டாம், பழைய ஒட்டுகளைத் திறந்தாலே ஆயிற்று. தாயார் சொன்னது வேறு: "நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த வருடத்திலிருந்து கிக்யோவுக்குப் பக்கத்தில் நார்சிசஸைத்தான் பார்க்கிறேன். அது எனக்குத் தப்பாகத் தெரிந்ததே இல்லை."

பட்டறைக்குள்ளும் இரண்டு கட்சி. நான் மாற்ற வேண்டும் என்ற கட்சியில் இருந்தேன். புதிர் விடுபட்ட சந்தோஷத்தில் இருந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

தலைவர் வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணங்களை அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். ஒட்டுகளை மறைக்க, கதவைத் திரையாக்கியவர் இலைகளை ஒட்டின் குறுக்கே வரைந்திருக்கிறார். இரண்டாம் மடிப்பில் ஒரு கிக்யோ தண்டு ஒட்டைத் தாண்டி வளைந்து நார்சிசஸ் பக்கம் போகிறது. நல்ல கை. ஒட்டைத் திறந்தால் அந்தத் தண்டு இரண்டாகும். அடுத்தது, வெட்டும்போது கதவின் ஓரங்கள் ஏற்கெனவே போய்விட்டன. மாற்றினாலும் நாணல் இலையும் அதன் நுனியும் சேராது, நடுவில் இரண்டு விரல் அகலம் இல்லை. அந்த இடத்தை நாம் வரைந்து நிரப்ப வேண்டியிருக்கும். அப்புறம் கையெழுத்து முத்திரை திரையின் நடுவில் வந்து நிற்கும். கடைசியாக, இன்று மாற்றாமல் விட்டால் நாளை யாராவது மாற்றலாம். இன்று மாற்றிவிட்டால் அந்தத் தண்டை யாரும் திரும்ப ஒட்ட முடியாது.

கதவாகவே திருப்பிச் செய்வது என்ற யோசனையை ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. எட்டுக் கதவு மாட்ட அந்த வீட்டில் அறை கிடையாது. நான்கு பருவம் வரைந்த அறைகளில் கிழக்கு வசந்தம், தெற்கு கோடை, மேற்கு இலையுதிர்காலம், வடக்கு குளிர்காலம் என்று திசைகளோடு சேர்த்து வைக்கும் மரபு உண்டு. நடுவில் உட்கார்ந்தால் வருடமே சுற்றி நிற்கும். அந்த அறை எங்கே இருந்ததோ, அது போய்விட்டது.

முடிவானது இது: திரை திரையாகவே, இருந்த வரிசையிலேயே சேர்க்கப்படும். கண்டுபிடித்ததெல்லாம் படங்களோடு பதிவாகும். கதவுகளின் பழைய வரிசையில் கால்வாசி அளவில் ஒரு தாள் மாதிரி செய்து தருவோம். ஜூலைத் தெருக் காட்சிக்கு முழு அளவில் அச்சுப்படி ஒன்று. மகன் ஒப்புக்கொண்டார், முகம் மலராமல்.

## வேலையும் என் தவறும்

முதலில் நிறங்களை நிலைநிறுத்த வேண்டும். ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவான வஜ்ஜிரக் கரைசலை மெல்லிய தூரிகையால் இதழ் விளிம்பில் வைத்து, காய விட்டு, மறுபடி வைப்பது. ஒரே பூவுக்கு ஒரு நாள் ஆகும். உறையிலிருந்த பதினோரு செதில்களில் நான்குக்கு இடம் கண்டுபிடித்தோம்.

வலத்திரையிலுள்ள ஐரிஸ் பூக்கள் என் பொறுப்பு. அவற்றின் நீலம் அசுரைட், அதுவும் செப்புக் கனிமமே. இந்த நீலத்தில் துகள் பெரிதாக இருந்தால் நிறம் அடர்த்தி, சிறிதானால் வெளிறல். பெரிய துகள் சீக்கிரம் உதிரும். மழைக்காலத்தில் ஒரு நாள் கரைசல் ஊறவில்லை என்று நினைத்து, கொஞ்சம் கெட்டியாக மூன்று சதவீதத்தில் கலக்கி ஒரு இதழில் வைத்தேன். காய்ந்த பிறகு அந்த இதழ் கருத்துவிட்டது. கூழாங்கல்லை நனைத்தால் நிறம் கூடுமே, அப்படி. துகள்களுக்கிடையே பசை நிரம்பி ஒளி சிதறாமல் போனதுதான் காரணம். வெந்நீரில் நனைத்த ஒற்றுத்தாளால் எடுக்கப் பார்த்தேன்; பாதிதான் வந்தது. அதற்கு மேல் இழுத்தால் நிறமே வந்துவிடும் என்று தலைவர் நிறுத்தச் சொன்னார். அன்று மாலையே குடும்பத்துக்குத் தெரிவித்தோம்.

அடுத்தது பின்தாள். ஓவியத்தின் முகத்தில் கடற்பாசிப் பசையால் ரேயான் தாளை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிப் பாதுகாத்து, குப்புறப் போட்டு, பழைய பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரமாக்கி இடுக்கியால் நார் நாராக உரிக்க வேண்டும். தண்ணீர் அதிகமானால் நிறம் கசியும், பச்சைக்கு அடியிலுள்ள பழுப்பு முன்பக்கம் இறங்கும். ஒரு மடிப்புக்கு இரண்டு பேர், மூன்று வாரம்.

சட்டத்தைப் பிரித்தபோது அடுக்குத் தாள்களில் பழைய கடைக் கணக்குகள் வந்தன. தாளை வீணாக்காத ஊர். எழுதிய தாளைத்தான் உள் அடுக்குக்கு ஒட்டுவார்கள். அவற்றில் மெய்ஜி ஆண்டுப் பெயர் இருந்தது. மெய்ஜி காலம் 1868 முதல் 1912 வரை. 1868க்குப் பிறகு அரசு ஷின்டோவையும் பௌத்தத்தையும் பிரித்தது, கோயில்கள் நிலம் இழந்தன, பல கோயில்களின் உடைமைகள் சந்தைக்கு வந்தன. எங்கள் கதவுகளும் அப்படி வந்தவையா என்று சொல்ல அந்தக் கணக்குத் தாள்கள் உதவவில்லை. புளியும் அல்ல மிளகும் அல்ல, நூல் கணக்கு.

பின்புறமிருந்து பார்த்தபோது முத்திரை விஷயமும் உறுதியானது. இடத்திரையின் சிவப்பு பட்டைத் தாளின் மேல் தெளிவாக ஏறியிருந்தது. வலத்திரையின் முத்திரை பழைய தாளிலேயே இருந்தது.

அப்புறம் வழக்கமான வேலைகள். கோசோ நாரில் செய்த மெல்லிய தாளை ஓவியத்தின் பழுப்புக்கு ஏற்றபடி சாயமேற்றி, கோதுமைப் பசையால் பின்னால் ஒட்டினோம். பனிச்சிக்காய்ச் சாறு போல ஜப்பானில் ககி பழச்சாற்றைப் பூசிய பலகைகள் உண்டு. அவற்றில் இழுத்து ஒட்டி, ஒரு மழைக்காலமும் ஒரு குளிர்காலமும் தாண்டக் காத்திருந்தோம். தாள் எவ்வளவு விரியும், சுருங்கும் என்பது அதில் அடங்கிவிடும். சுகி மரத்தில் புதுச் சட்டம், அதன் மேல் ஏழு அடுக்குத் தாள், புதுக் கீல்கள். அரக்குப் பூசிய விளிம்புச் சட்டங்களும் உலோக மூலைகளும் பழையவையே. செல்லோடேப்பின் பசையைக் கரைப்பானில் எடுத்தோம். கறை எடுபடவில்லை.

திரைகள் வீடு திரும்ப இரண்டு வருடமும் இரண்டு மாதமும் ஆயின.

## திரும்பிய பிறகு

முதல் ஜூலையில் தெருவுக்கு அச்சுப்படியை நிறுத்தினார்கள். கோடும் நிறமும் நன்றாக வந்திருந்தன. பகலில் பார்த்தவர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை. இருட்டி, காகித விளக்குகளை ஏற்றியதும் குட்டு உடைந்தது. அச்சிட்ட தங்கம் வெறும் மஞ்சளாக நின்றது. தங்க ரேக்குத் திரை செய்யப்பட்டதே இருட்டறையில் தீபத்தின் வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தரத்தான். நடந்துகொண்டே பார்த்தால் ஒவ்வொரு மடிப்பாக ஒளி ஏறி இறங்கும். தாயார் அன்றிரவு முன்னறையில் உட்காரவில்லை.

கியோட்டோவில் 2007இல் தொடங்கிய த்சுசுரி திட்டத்தின் நகல்களில் அச்சுக்கு மேல் கைவினைஞர்கள் உண்மையான தங்கம் ஒட்டுகிறார்கள். அந்தச் செலவு இந்தக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. பேசி ஒரு சமரசத்துக்கு வந்தோம். திருவிழாவின் எல்லா மாலைகளிலும் அச்சுப்படி. கடைசி மாலையில் மட்டும், இரண்டு மணி நேரம், அசல். குளிர்சாதனம் காலையிலிருந்தே அணைக்கப்பட வேண்டும், மழை பெய்தால் கிடையாது, மடிக்க இரண்டு பேர். தவிர நவம்பரில் மூன்று நாள், காற்று வறண்டிருக்கும்போது, உள்ளறையில் நிறுத்தலாம். எங்கள் தலைவருக்கு அந்த இரண்டு மணி நேரம் பிடிக்கவில்லை. அது இல்லாவிட்டால் ஐந்து மாலையும் அசலே தெருவுக்கு வரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஒரு வருடப் பரிசோதனையில் கீல்கள் எல்லாம் நலம். கோழிக்கொண்டைக்குப் பக்கத்துச் செவ்வந்தியில் ஒரு இதழ் விளிம்பு இலேசாகத் தூக்கியிருந்தது. அங்கேயே உட்கார்ந்து சரிசெய்தோம். என்னுடைய ஐரிஸ் இதழ் மற்றவற்றைவிடக் கருப்பாகத்தான் இருக்கிறது. தெரியாதவர்கள் அதை நிழல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முத்திரை விஷயத்தைச் சொல்லத் தாமதித்தது பெரிய தவறு. முதல் வாரத்திலேயே சந்தேகம் இருந்தது. பின்புறம் பார்த்து உறுதிசெய்த பிறகு சொல்லலாம் என்று எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் மகன் உடன்பிறந்தவர்களோடு சொத்துப் பங்கீடு பேசி, திரை ஜோடிக்குப் பழைய மதிப்பையே வைத்துத் தன் பங்கில் சேர்த்திருந்தார். நாங்கள் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "முதல் வாரமே தெரியுமா?" என்று ஒரே ஒரு கேள்வி. இப்போது எங்கள் பட்டறையில் ஊகமாக இருந்தாலும் ஊகம் என்ற சொல்லோடு முதல் அறிக்கையிலேயே எழுதிவிடுகிறோம்.

பிரிப்பதற்கு முன் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி எடுக்க வேண்டிய படங்களை இடத்திரைக்கு மட்டும் எடுத்தோம். வலத்திரையில் குளறுபடி இல்லை என்று அலட்சியம். அங்கேயும் கதவுகளின் வரிசையை ஒளிப்படத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல இன்று வழியில்லை. பூக்களின் வரிசை சரியாக இருக்கிறது என்பது மட்டுமே கையிலுள்ள ஆதாரம்.

பயிற்சியாளர் கலக்கும் கரைசலின் சதவீதத்தை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற நடைமுறை என் இதழுக்குப் பிறகு வந்தது.

கால்வாசி அளவுத் தாள் மாதிரியை, சரியான வரிசை கேட்ட மகனுக்காகச் செய்தோம். இப்போது அது தாயாரின் அறையில் இருக்கிறது. நார்சிசஸைக் கடைசியில் வைத்து இரண்டு நாள் பார்த்தாராம். பிறகு மாதிரியின் தாள்கீலைக் கத்திரித்து, 'ஆ'வையும் 'ஈ'யையும் பழையபடி மாற்றி ஒட்டிக்கொண்டார். நவம்பர் பரிசோதனைக்குப் போனபோது எங்களிடம் காட்டினார். ஒட்டியிருந்தது செல்லோடேப்பில்.